அறை விழாத நாடகம்

பாம்பனில் எங்கள் தெருவிலிருந்து ஆசிரியைப் பயிற்சி முடித்து வெளியூரில் வேலைக்குப் போன முதல் பெண் நான். வேலை இராமநாதபுரத்தில், ஒரு பெண்கள் நடுநிலைப் பள்ளியில். சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்த சமயம். சனிக்கிழமை மத்தியானம் ரயிலேறினால் பாலத்தைக் கடந்து சாயங்காலத்துக்குள் வீட்டில் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு, மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டு, மறுபடி ரயிலேறினால் திங்கட்கிழமை வகுப்புக்கு வந்துவிடலாம். அய்யா கடலுக்குப் போகிறவர். என்னைப் படிக்க வைப்பதைப் பற்றித் தெருவில் பலரும் பலவிதமாகப் பேசியபோது அவர் யாருக்கும் பதில் சொன்னதில்லை. வேலையில் சேர நான் புறப்பட்ட அன்று பெட்டியை ரயிலில் ஏற்றிவிட்டு, "தண்ணி மாறுனா சளி புடிக்கும், பாத்துக்க" என்று மட்டும் சொன்னார்.

பள்ளியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியை ஒருவர், தான் குடியிருந்த வீட்டிலேயே எனக்கும் இடம் கொடுத்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டாவது மாதம் கணவர் இறந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது பதினாறு. அண்ணன் ஒருவர் வீட்டாரோடு மல்லுக்கட்டிப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்ததால் உத்தியோகத்துக்கு வந்தவர். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி, கையில் எப்போதும் ஏதாவது ஒரு புத்தகம். உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதும் அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பார். சோறு குழைந்துபோனால், "நல்ல கட்டம், விட முடியலை" என்பார்.

நான் பயிற்சிப் பள்ளியில் பாடப் புத்தகம் தவிர அதிகம் படித்ததில்லை. அக்கா அதைச் சரி செய்ய முடிவு செய்தார். ஒரு சாயங்காலம் தன் இரும்புப் பெட்டியைத் திறந்து, அந்துருண்டை வாசனை அடிக்கும் மூன்று தடித்த பைண்டுகளை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒரு வாரப் பத்திரிகையில் இரண்டு வருஷத்துக்கு மேல் வந்த தொடர்கதை. வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டுப் பைண்டு செய்து வைத்திருந்தார். யாருக்கும் இரவல் கொடுத்ததில்லையாம்.

"இதைப் படிச்சிட்டு நீ பழைய ஆளா இருக்க மாட்டே" என்றார்.

கதை இதுதான். ஓர் ஊருக்கு வேலை மாற்றலாகி வரும் என்ஜினியர். பக்கத்து வீட்டில் ஓர் இளம் விதவை. கிணற்றடியில் பேச்சு ஆரம்பிக்கிறது. அவன் அவளுக்குப் புத்தகங்கள் கொடுக்கிறான். அவள் அதைப் படித்துவிட்டு அவனையே மடக்குகிற மாதிரி கேள்வி கேட்கிறாள். அவளைக் கல்யாணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுக்கிறான். ஊர் எதிர்க்கிறது. அவன் ஒரு பொதுக்கூட்டத்தில் ஏறி, விதவைகளை உயிரோடு புதைக்கும் சமூகம் உருப்படாது என்று பதினொரு பக்கம் பேசுகிறான். முதல் இரண்டு பைண்டும் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன. அந்தப் பெண் பேசுகிற இடங்களை இரண்டு தடவை படித்தேன். நான் பார்த்த எந்தப் பெண்ணும் அப்படிப் பேசியதில்லை, பேச ஆசைப்பட்டிருப்பார்கள் என்று தோன்றியது.

மூன்றாவது பைண்டில் முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் வருகிறது. டாக்டர் கையை விரிக்கிறார். அவள் அவன் மடியில் தலை வைத்து, தன் சித்தப்பா மகளை அவன் கட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு உயிரை விடுகிறாள். அவன் அழுகிறான். பிறகு கட்டிக்கொள்கிறான். கடைசி அத்தியாயத்தில் பிறக்கும் பெண் குழந்தைக்குச் செத்துப்போனவளின் பெயரை வைக்கிறார்கள்.

அக்கா கொல்லைப் பக்கம் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பைண்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அழுதியா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"கடைசி வரைக்கும் படிச்சியா?"

"படிச்சேன். எழுதுனவருக்கு அவளுக்குக் கல்யாணம் பண்ணி வைக்க மனசு வரலை. வரலைன்னு சொல்லவும் தைரியம் இல்லை. அதான் காய்ச்சலை வர வச்சிட்டாரு."

அக்காவின் கத்தி நின்றது. "நிஜத்துல அப்படித்தானே ஆகும்? ஊர் விட்டுடுமா?"

"நிஜத்துல நீங்க சாகலையேக்கா" என்றேன்.

அதை நான் பாராட்டாகத்தான் சொன்னேன். அந்தக் கதைப் பெண்ணைவிட அக்கா பலசாலி என்று சொல்ல வந்தேன். சொல்லி முடித்ததும் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதில் பாராட்டு வாங்கிய அடையாளம் எதுவும் இல்லை. கத்தரிக்காய்த் துண்டுகளைத் தண்ணீரில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"முந்நூறு பக்கத்துக்கு மேல அவ இருந்தா. அதுக்கு முன்னாடி எந்தக் கதையிலயாவது எங்களை மாதிரி ஒருத்தி அவ்வளவு பக்கம் இருந்து நீ பார்த்திருக்கியா? முதல் அத்தியாயத்துல மூலையில உட்கார்ந்து இருமுவா, இல்லாட்டி கிணத்துல விழுவா. உனக்கு எல்லாம் சுலபமா இருக்கு."

பைண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதன் பிறகு ஏறக்குறைய மூன்று வாரம் மற்றவர்கள் எதிரில் மட்டும் என்னோடு பேசினார். வீட்டில் சோறு எடுத்து வைப்பார், குடம் நிரப்பி வைப்பார், பேச்சு மட்டும் கிடையாது. ஒரே வீட்டில் அப்படி இருப்பது கஷ்டம். நான் வேறு வீடு பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அந்த மௌனத்தை உடைத்தது ஒரு நாடகக் கம்பெனி. ஊருக்கு வெளியே கொட்டகை போட்டு நாற்பது நாளாக ஆடிக்கொண்டிருந்தார்கள். முதலில் புராணங்கள் போட்டார்கள். பிறகு ஒரு சமூக நாடகம் போட்டார்கள், அதற்குத்தான் கூட்டம் அள்ளியது. வரதட்சணையை எதிர்க்கிற நாடகம். தபாலாபீஸில் சொன்னார்கள், ஜவுளிக்கடையில் சொன்னார்கள், எங்கள் தலைமையாசிரியை பிரார்த்தனைக் கூட்டத்திலேயே சொன்னார். அவரைப் பள்ளியில் எல்லோரும் பெரிய டீச்சர் என்று கூப்பிடுவோம். "ஒவ்வொரு குடும்பமும் பார்க்கவேண்டிய நாடகம்" என்றார் பெரிய டீச்சர்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா தானாகவே வந்து, "ஞாயித்துக்கிழமை பகல் ஆட்டத்துக்குச் சீட்டு வாங்கியிருக்கேன். இது உனக்குப் பிடிக்கும். யாரும் சாகலையாம்" என்றார். கடைசி வாக்கியத்தைச் சிரிக்காமல் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். பிறகு அவரும் சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அய்யா வலைக்கு நூல் வாங்க இராமநாதபுரத்துக்கு வந்திருந்தார். அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பூசைக்குப் போகும்போது போடுகிற சட்டையைப் போட்டிருந்தார். அதுவரை அவர் கோயில் திருவிழாவில் போடும் வேதநாடகம் தவிர எதையும் பார்த்ததில்லை. ஆண்கள் பக்கம் அவரும், பெண்கள் பக்கம் நாங்களும் உட்கார்ந்தோம். நடுவில் ஒரு கயிறு.

நாடகத்தின் கதாநாயகன் வரதட்சணை வாங்காமல், படித்த பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொள்கிறான். தன் தகப்பனையே எதிர்த்து வீட்டை விட்டு வெளியேறுகிறான். அதுவரை நன்றாக இருந்தது. கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. இரண்டாம் பாதியில் அந்தப் படித்த மனைவி மாதர் சங்கத்துக்குப் போக ஆரம்பிக்கிறாள். ஒரு நாள் திரும்ப நேரமாகிவிடுகிறது. மாமியார் தன் கையால் சமைத்துப் பரிமாறிக்கொண்டிருக்கிறாள். கதாநாயகன் மனைவியைப் பார்க்கிறான். கொட்டகை அமைதியாகிறது. ஓங்கி ஓர் அறை. பின்னாலிருந்து யாரோ தாளத்தைத் தட்டி அந்தச் சத்தத்தை எழுப்பினார்கள். அவள் கீழே விழுந்து, தவழ்ந்து வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு, என் கண்ணைத் திறந்துவிட்டீர்கள் என்கிறாள்.

அன்றைய நாடகத்தில் மிக நீளமான கைதட்டல் அதற்குத்தான். கயிற்றின் இரண்டு பக்கமும் தட்டினார்கள். பெண்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இருந்ததாக எனக்கு நினைவு. திரும்பிப் பார்த்தேன். அக்காவும் தட்டிக்கொண்டிருந்தார்.

நாடகத்தில் ஒரு கோமாளியும் உண்டு. கடற்கரைக்காரன். கதாநாயகனின் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவன். அவன் மேடைக்கு வரும்போதெல்லாம் மற்றவர்கள் முந்தானையாலும் துண்டாலும் மூக்கை மூடிக்கொள்வார்கள். அவனுக்கு எந்த வார்த்தையும் நேராக வராது. "வாரேன், போறேன்" என்று எங்கள் பக்கத்துப் பேச்சை இழுத்து இழுத்துப் பேசுவான். அதற்கே சிரிப்பு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அய்யா சிரிப்பதை நான் பார்த்தேன். மற்றவர்கள் சிரித்தபோதெல்லாம் அவரும் சிரித்தார். எனக்கு மேடையில் நடந்ததைவிட அதுதான் பொறுக்கவில்லை.

ஸ்டேஷனுக்கு அவரோடு நடந்து போனேன். பாதி வழியில் நூல் கண்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்தக் கோமாளி வீச்சுவலையத் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள வாரானே" என்றார் பிறகு. "எந்தக் கிறுக்கன் ஈரவலையத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குள்ள வருவான்? கரையிலயே காயப் போட வேணாமா?"

"அய்யா, உங்களுக்குக் கோவம் வரலையா?"

"எதுக்கு?"

"மூக்க மூடுனாகளே. நம்ம பேச்சப் பேசிக் காட்டுனாகளே."

அய்யா யோசித்தார். "அது நம்ம ஆளு இல்ல தாயீ. மீன் புடிக்கிறவன் அப்படியா நிப்பான்? அவுக யாரையோ சொல்றாக."

ரயில் கிளம்பும்போது நூல் கண்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் நிஜமாகவே அப்படி நினைத்தாரா, என் மனசு கஷ்டப்படக் கூடாது என்று சொன்னாரா, அன்றும் தெரியவில்லை, பிறகும் நான் கேட்கவில்லை.

அக்காவிடம் அறையைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஒரு தடவை அபிப்பிராயம் சொல்லி மூன்று வாரம் மௌனமாக இருந்ததே போதும் என்றிருந்தது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. தை மாதம் பள்ளி ஆண்டு விழா. கம்பெனிக்காரர்கள் சீட்டு விற்கும் இடத்தில் நாடகத்தை அச்சுப் புத்தகமாகவும் விற்றார்கள். பெரிய டீச்சர் ஒரு பிரதி வாங்கி வந்து, இதைச் சுருக்கி நம் பிள்ளைகளை வைத்துப் போட வேண்டும், யார் பொறுப்பு எடுப்பது என்று கேட்டார். அக்கா என்னைக் கை காட்டினார். "சின்னவ நல்லாச் செய்வா" என்றார். சமாதானத்துக்கு அடையாளமாகத்தான் அப்படிச் செய்தார் என்று நினைக்கிறேன். என்னால் மறுக்க முடியவில்லை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒத்திகை ஆரம்பித்தேன். ஆண் வேஷமும் அவர்களேதான். யாருக்கு எந்த வேஷம் என்று கேட்டபோது பாதிப் பேர் கதாநாயகன் வேஷம் கேட்டார்கள். ஏன் என்று கேட்டேன். "அறையலாம்ல டீச்சர்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் நாடகம் பார்த்திருந்தார்கள். ஒத்திகையில் அந்தக் கட்டம் வந்ததும் வகுப்பே திரண்டு நின்றது. கதாநாயகனாக நடித்த பிள்ளைக்கு வலுவான கை. இரண்டாவது நாள் மனைவி வேஷக்காரியின் கன்னத்தில் நாலு விரல் பதிந்திருந்தது. அவள் அழவில்லை, சிரித்துக்கொண்டே எழுந்து, "இன்னொரு தடவ செஞ்சு பாப்பமா டீச்சர்?" என்றாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அந்தக் காட்சியை அடித்துவிட்டு வேறு எழுதினேன். மனைவி தாமதமாக வருகிறாள். மாமியார் முணுமுணுக்கிறாள். கதாநாயகன் எழுந்து தானே இலை போட்டு மூவருக்கும் பரிமாறுகிறான். அவ்வளவுதான். எழுதும்போது எனக்கு நன்றாக இருந்தது. பெரிய டீச்சர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அறை எங்கே?"

"எடுத்துட்டேன் டீச்சர்."

"ஊரே பார்த்த நாடகம். அது இல்லாட்டி கதை எங்கே இருக்கு?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பெண்ணை அடிப்பதற்குக் கைதட்டுகிற நாடகத்தை நம் பிள்ளைகளை வைத்துப் போடக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "பிள்ளைக கன்னத்துல நிஜமாவே பட்டுருது டீச்சர். காயமாயிட்டா அவுக வீட்டுல வந்து கேப்பாக."

பெரிய டீச்சர் உடனே ஒத்துக்கொண்டார்.

அன்று வீட்டில் அக்கா புதிய காட்சியைப் படித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் காகிதத்தைக் கையிலேயே வைத்திருந்தார். "இவன் பரிமாறுறது நம்புற மாதிரி இல்லை" என்றார். பிறகு, நான் எதிர்பார்க்காமல், "அந்தத் தொடர்கதையில மூணாவது பாகத்தை நான் ஒரு தடவைக்கு மேல படிச்சதில்லை. முதல் ரெண்டையும் எத்தனை தடவை படிச்சேன்னு கணக்கே இல்லை" என்றார். எங்களுக்குள் இருந்த பிணக்கு அன்றோடு தீர்ந்தது என்று சொல்லலாம்.

அடுத்தது கோமாளி. கடற்கரைக்காரனை என் கையால் மேடை ஏற்ற மாட்டேன் என்று தீர்மானம். ஆனால் கோமாளி இல்லாமல் ஆண்டு விழா நாடகம் எடுபடாது. யோசித்து, மீன் கொண்டுவருகிறவனை மிளகாய் பயிரிட்டுக் கொண்டுவருகிற சம்சாரியாக மாற்றினேன். மேற்கே சிக்கல் என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து மூட்டையோடு வருகிறவன். தும்மிக்கொண்டே வருவான், அவனைப் பார்த்து மற்றவர்களும் தும்முவார்கள். பள்ளி விடுதியில் சிக்கலிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் ஒரு பிள்ளை இருந்தாள், ஆறாம் வகுப்பு. அவளைக் கூப்பிட்டு, உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வார்கள், அதை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். டீச்சர் தன்னிடம் கேட்டு எழுதுகிறார்களே என்று, தன் தகப்பனார் மாட்டை விரட்டுவதைக்கூடச் செய்து காட்டினாள். அதையும் சேர்த்துக்கொண்டேன். அக்கா படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்.

ஆண்டு விழா அன்று சாயங்காலம் பள்ளி மைதானம் நிறைந்திருந்தது. வெளியூர்ப் பெற்றோர்களுக்கும் சொல்லி அனுப்பியிருந்தோம். நாடகம் நன்றாகத்தான் போனது. மிளகாய்ச் சம்சாரி வந்து தும்மியதும் கூட்டம் உருண்டது. அவன் பேச்சுக்குச் சிரித்தார்கள், மாட்டை விரட்டியதற்குச் சிரித்தார்கள். மனைவி தாமதமாக வந்த காட்சியில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கதாநாயகன் இலை போட்டான். "அடியக் காணாமே" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. பலர் சிரித்தார்கள். திரை விழுந்தபோது கைதட்டல் சுமாராக இருந்தது.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது வாசலில் ஒருவர் எனக்காக நின்றார். தோளில் துண்டு, கையில் குடை, பக்கத்தில் மனைவி. சிக்கல் பிள்ளையின் பெற்றோர். மகள் வரவேற்புப் பாட்டில் நிற்பதைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நல்லா இருந்துச்சு டீச்சர்" என்றார்.

"சந்தோஷம்."

"ஒண்ணு மட்டும் சொல்லணும்னு நின்னேன். எங்க ஊர்ல அப்படிப் பேச மாட்டாக."

குரலில் கோபம் இல்லை. ஒரு தகவல் சொல்வது போலச் சொன்னார். மகள் அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ வெறும் வேடிக்கைக்காக என்று சொல்லியிருப்பேன். கம்பெனிக்காரர்களைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என்னிடம் பேசும்போதெல்லாம் புத்தகத் தமிழில் பேச ஆரம்பித்தாள். "வந்தேன் டீச்சர், எழுதிவிட்டேன் டீச்சர்" என்று ஒவ்வொரு சொல்லையும் முழுசாகச் சொல்வாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அதட்டினேன். அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை பாம்பனுக்குப் போகாமல் சிக்கலுக்குப் பஸ் ஏறினேன். அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். கூட வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் காட்டம் எனக்குத் தும்மலை வரவழைத்தது. அடக்கப் பார்த்து, முடியாமல் மூன்று தடவை தும்மினேன். அங்கே யாருமே தும்மவில்லை.

பிள்ளையின் தகப்பனார் கட்டிலை எடுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். மகளின் படிப்பைப் பற்றிப் பேச வந்திருப்பதாக நினைத்துக்கொண்டார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். நாடகத்தில் அப்படி எழுதியது தப்பு, உங்கள் மகளிடம் கேட்டே எழுதியது அதைவிடத் தப்பு என்றேன். கடற்கரைக்காரனைப் பற்றியும், எங்கள் அய்யாவைப் பற்றியும் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "நாடகம்னா யாரையாச்சும் வச்சுத்தானே சிரிக்கணும் டீச்சர். அதுக்காகவா பஸ் ஏறி வந்தீக? மனசுல வச்சுக்கிடாதீக" என்றார். பிறகு இந்த வருஷம் மழை பின்தங்கிப் போனதையும், மிளகாய் நிறம் கெட்டு வெள்ளை விழுந்துவிட்டதையும் பேசினார். மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்று எழுந்து போனார்.

அவர் மனைவி அதுவரை களத்தின் மறு ஓரத்தில் உட்கார்ந்து சோடை மிளகாயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கணவர் போனதும் ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்தார். முப்பது வயசு இருக்கும். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா டீச்சர்?"

"கேளுங்க."

"அந்த நாடகத்துல பொஞ்சாதிய அறையுற கட்டம் இருக்குமாமே. எங்க ஊர்ல கொட்டாயிக்குப் போய்ட்டு வந்தவுக எல்லாரும் சொன்னாக. நம்ம பள்ளிக்கூடத்துலயும் அதத்தான் போடுறாகன்னு மக சொன்னா. அதப் பாக்கத்தான் நான் வந்தேன். இல்லாட்டி இந்த வேலையப் போட்டுட்டு வருவனா. அந்தக் கட்டத்த ஏன் விட்டுட்டீக?"

"அத எதுக்குப் பாக்கணும்?" என்று கேட்டேன்.

அவர் மாடு கட்டியிருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பொம்பளை படிச்சவளாம்ல. அடி வாங்குனதுக்கு அப்புறம் அவ என்ன சொல்றான்னு கேக்கணும்னு இருந்துச்சு. எங்களுக்கெல்லாம் ஒண்ணும் சொல்லத் தெரியாது. அவளுக்குத் தெரியும்ல. கொட்டாயிக்குப் போனவுக அடிய மட்டும்தான் சொன்னாக. அவ சொன்னத யாரும் சொல்லல."

சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"கால்ல விழுந்து, என் கண்ணத் திறந்துட்டீங்கன்னு சொல்றா" என்றேன்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

அவர் செம்பை என்னிடமிருந்து வாங்கிக் கையில் வைத்து உருட்டினார். "அப்ப நீங்க எடுத்ததே சரிதான்" என்றார். பிறகு எழுந்து போய், நாலு மணி பஸ்ஸை விட்டால் அப்புறம் பஸ் இல்லை என்று சொல்லி, ஒரு பொட்டலம் மிளகாய் கட்டிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.